ஆறு போல்ட் போட்டால் இரண்டு கட்டை ஒன்றாகிவிடுமா?

போன வாரம் சிதம்பரம் போயிருந்தேன். தேர் வீதியில் நண்பர் ஒருவருக்குப் பூர்வீக வீடு இருக்கிறது. மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீடு. அதை இடிக்காமல் பழுது பார்க்கிறார்கள் என்று கேட்டதுமே எனக்குச் சந்தோஷம். கூடத்துக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்ததும் அந்தச் சந்தோஷம் பாதியாகிவிட்டது.

கூடத்தின் நடு உத்திரம், ஆறு அங்குல அகலமும் பன்னிரண்டு அங்குல உயரமும் உள்ள ஒரே தேக்குக் கட்டை, சுவருக்குள் இருந்த முனையில் இற்றுப்போயிருக்கிறது. அதை எடுத்துவிட்டு வேறு போட வேண்டும். அந்த அளவில் ஒரே கட்டை இன்றைக்குச் சுலபமாகக் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை கேட்கவே பயமாக இருக்கிறது. அதனால் ஆறுக்கு ஆறு கட்டை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலிருந்து கீழாக ஆறு போல்ட் முடுக்கிவிடுவதாகத் திட்டம்.

வேலையைப் பார்க்கும் இளம் பொறியாளர் மரியாதையான பையன். "ரெண்டையும் போல்ட் போட்டு இறுக்கிட்டா ஒரே பீம்தான் சார். ஆறும் ஆறும் பன்னிரண்டு" என்றார்.

"தம்பி, அளவுக்கு ஆறும் ஆறும் பன்னிரண்டு. பலத்துக்கு அந்தக் கூட்டல் செல்லாது" என்றேன். அவர் சிரித்தார். பெரியவர் ஏதோ சொல்கிறார் என்ற சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு காரியம். நூறு பக்க நோட்டு ஒன்றை எடுத்து இரண்டு முனையையும் பிடித்து வளையுங்கள். சுலபமாக வளையும். வளையும்போது ஓரத்தைக் கவனியுங்கள். நேராக இருந்த ஓரம் சாய்ந்துவிடும், ஒவ்வொரு தாளும் பக்கத்துத் தாளின்மேல் கொஞ்சம் வழுக்கியிருக்கும். அதே நோட்டின் தாள்களையெல்லாம் பசை தடவி ஒட்டிக் காயவைத்து வளைத்துப் பாருங்கள். பலகை மாதிரி நிற்கும். இரண்டிலும் அதே தாள், அதே எடை. தாள்கள் வழுக்க முடிகிறதா இல்லையா என்பதில்தான் வித்தியாசம்.

உத்திரத்திலும் இதேதான் நடக்கிறது. பாரம் ஏறினால் மேல் பாகம் அமுங்கும், கீழ் பாகம் இழுபடும். இரண்டு கட்டையைச் சும்மா அடுக்கினால், மேல் கட்டையின் அடிப்பக்கம் நீளப் பார்க்கும், கீழ்க் கட்டையின் மேற்பக்கம் குறுகப் பார்க்கும். ஒட்டி நிற்கும் இரண்டு முகங்களும் எதிரெதிர்த் திசையில் நகரும். அந்த நகர்வைத் தடுத்தால் இரண்டும் ஒரே கட்டை. தடுக்காவிட்டால் இரண்டு தனிக் கட்டைகள் ஒரே இடத்தில் படுத்திருக்கின்றன, அவ்வளவே.

கட்டையின் விறைப்பு உயரத்தின் மூன்றாம் மடிப்பைப் பொறுத்தது. உயரம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. அடுக்கி வைத்த இரண்டு கட்டைக்கோ இரண்டு மடங்குதான். ஆகவே ஒரே கட்டையோடு ஒப்பிட்டால் அடுக்கிய கட்டை நாலு மடங்கு தொய்யும், முறியாமல் தாங்கும் பாரம் பாதியாகிவிடும். மூன்று கட்டையை அடுக்கினால் இன்னும் மோசம். ஒன்பது மடங்கு தொய்வு, மூன்றில் ஒரு பங்கு பலம்.

குச்சிக் கட்டை உடைக்கச் சொன்ன அப்பா கதை எல்லோருக்கும் தெரியும். ஒற்றுமைக்கு நல்ல கதைதான். ஆனால் கயிறு கட்டிய குச்சிகளின் பலம் வெறும் கூட்டல். நமக்குத் தேவை பெருக்கல். அதற்குக் கயிறு போதாது, வழுக்காத பிடிமானம் வேண்டும்.

இப்போது சிதம்பரம் வீட்டுக் கணக்கைப் போடுகிறேன். கணக்கு பிடிக்காதவர்கள் இரண்டு பத்தியைத் தாண்டிவிடலாம். ஆனால் வீட்டில் மர உத்திரம் இருப்பவர்கள் தாண்ட வேண்டாம்.

உத்திரத்தின் நீளம் 14 அடி. உத்திரத்துக்கு உத்திரம் 8 அடி. மெட்ராஸ் டெரஸ் என்பது குறுக்குக் கட்டைகளின்மேல் செங்கல்லைச் செங்குத்தாகச் சுண்ணாம்புக் காரையில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து, மேலே தட்டோடு பதித்த தளம். சதுர மீட்டருக்கு 400 கிலோவுக்குக் குறையாது. ஆட்கள் ஏறினால் இன்னும் 150 கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். ஓர் உத்திரத்தின் பங்குக்கு வருவது ஏறத்தாழ பத்துச் சதுர மீட்டர். ஆக மொத்தம் சுமார் ஐந்தரை டன், ஒவ்வொரு முனையிலும் ஏறக்குறைய 2.8 டன். ஆறுக்குப் பன்னிரண்டு தேக்கு ஒரே கட்டையாக இருந்தால் இதைச் சமாளித்துவிடும். தொய்வு 17 மில்லிமீட்டர் அளவில் வரும். அடுக்கிய இரண்டு கட்டை என்றால் தொய்வு 66 மில்லிமீட்டரைத் தாண்டும், மரத்துக்கு அனுமதித்த தகைவைப்போல் இரண்டு மடங்கு ஏறும்.

இரண்டையும் ஒன்றாக்க எவ்வளவு பிடிமானம் வேண்டும்? செவ்வகக் கட்டைக்கு ஒரு சுலபமான விதி உண்டு. கட்டையின் உயரம் எவ்வளவோ, அவ்வளவு நீளத்தில், நடு மட்டத்தில் வரும் வழுக்கு விசை அந்த இடத்து வெட்டு விசையைப்போல் ஒன்றரை மடங்கு. நம் உத்திரத்தின் உயரம் ஓர் அடி. சுவரோரத்து விசை 2.8 டன். ஆகவே சுவரை ஒட்டிய முதல் அடியில் மட்டும் நாலு டன்னுக்குப் பக்கம். நடுவுக்குப் போகப் போக இது குறைந்து, சரியாக நடுவில் சுழி. சுவரிலிருந்து நடு வரைக்கும் கூட்டினால் ஒரு பாதிக்கு 15 டன் அளவில் வருகிறது. தேக்கில் ஒரு 16 மி.மீ. போல்ட் அரை டன் தாங்கினாலே நல்ல போல்ட். பாதிக்கு முப்பது, மொத்தம் அறுபது போல்ட் வேண்டும். தம்பி போடுவது ஆறு. அதுவும் சம இடைவெளியில். நடுவில் விழும் இரண்டும் வழுக்கலைப் பொறுத்தவரை ஏறக்குறைய விருந்தாளிகள்.

பொன்னம்பலத்துக் கூரைக்கு 21,600 பொன் ஓடு, 72,000 ஆணி என்று குழந்தைகூடச் சொல்லும் ஊர் அது. அந்த ஊரில் ஐந்தரை டன் உத்திரத்துக்கு ஆறு போல்ட்!

"நல்லா முடுக்கிட்டா உராய்வே பிடிச்சுக்கும் சார்" என்பது அடுத்த வாதம். இதை நான் நாற்பது வருஷமாகக் கேட்கிறேன். முடுக்கிய அன்றைக்குப் பிடிக்கும். மரம் காயும், காய்ந்தால் குறுகும். மரம் குறுகினால் இரும்பு போல்ட் கூடவே குறுகாது. நட் தளர்ந்துவிடும். அதற்குள் மேல்தளம் போட்டு, பூசி, வெள்ளை அடித்துப் பாலும் காய்ச்சியிருப்பார்கள். யார் ஏணி வைத்து ஏறி மறுபடி முடுக்குவது? தவிர, போல்ட் சுலபமாக நுழைவதற்காகத் துளையைப் பெரிதாகப் போடுவது வழக்கம். 16 மில்லிக்குப் 18, 20 என்று போடுவார்கள். அந்த இரண்டு, நாலு மில்லி இடைவெளி மூடும்வரை போல்ட் எதையும் தாங்காது. அதற்குள் உத்திரம் தொய்ந்திருக்கும்.

இதையெல்லாம் இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு என்ன தகுதி? அண்ணாமலை பல்கலைக்கழகத்தில் சிவில் படித்தது ஒன்று. அதைவிடப் பெரிய தகுதி, இதே தவறுக்கு நானே தலையாட்டியவன்.

2011 டிசம்பர் 30. தானே புயல். கடலூர்க்காரர்களுக்கு அந்த விடியற்காலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்து கிடந்தன. முதுநகரில் என் அத்தை வீட்டின்மேல் வேப்பமரம் விழுந்து கூடத்து உத்திரம் பிளந்துவிட்டது. பலா மரம் அப்போது மலிவு. அத்தான் இரண்டு பலாக் கட்டை வாங்கி அறுத்து வந்துவிட்டார். ஈரம் காயாத மரம். ஆசாரி இரண்டையும் அடுக்கிப் போல்ட் போட்டுக்கொண்டிருந்தபோது நான் போனேன். எனக்கு அப்போது புயல் நிவாரண வேலை, மூன்று நாளாகத் தூக்கம் இல்லை.

அத்தை கேட்டார்: "ஏம்பா, இஞ்சினியரு, இது தாங்குமா?"

"தாங்கும் அத்தை" என்றேன். வண்டியில் ஏறிப் போய்விட்டேன். ஒரு தாளில் நாலு வரிக் கணக்குப் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். போடவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் அத்தான் கூப்பிட்டார். தளத்தில் வெடிப்பு, கூடத்தில் ஒழுகல். போய்ப் பார்த்தேன். உத்திரத்துக்குக் கீழே நூல் பிடித்தால் நடுவில் இரண்டரை அங்குலத்துக்கு மேல் தொய்வு. சுவரோரத்தில் ஆசாரி துளைக்காகப் பென்சிலால் போட்ட குறி அப்படியே இருந்தது. இரண்டு கட்டைக்கும் குறுக்கே மேலிருந்து கீழாக இழுத்த ஒரே நேர்க்கோடு. இப்போது அது இரண்டு கோடு. மேல் கட்டையில் இருந்த கோட்டுக்கும் கீழ்க் கட்டையில் இருந்த கோட்டுக்கும் நடுவே எட்டு மில்லிமீட்டர். போல்ட்டை விரலால் தட்டினேன், ஆடியது.

பாடப்புத்தகத்தில் படித்த வழுக்கு விசையை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

கூடத்தின் நடுவில் இரண்டு சவுக்குக் கழியை முட்டுக் கொடுத்தோம். தற்காலிகம் என்றுதான் சொன்னோம். பணம் வந்தபோது வேறு செலவு வந்தது. அந்த முட்டு ஏழு வருஷம் நின்றது. பேத்தியின் நிச்சயதார்த்தத்தை அந்தக் கூடத்தில் நடத்த முடியாமல் மண்டபம் எடுத்தார்கள். அத்தைக்கு அதில் பெரிய வருத்தம். என்னிடம் ஒரு நாளும் எதுவும் சொன்னதில்லை. கடைசியில் அத்தையைக் கூடத்தில் கிடத்தியபோது அந்தக் கழிகளைச் சுற்றித்தான் நாங்கள் எல்லோரும் நின்றோம். நான் ஒரு கழியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிடித்துக்கொள்ள எனக்கு உரிமை இருந்தது.

ஆகவே "பெரியவர் பயமுறுத்துகிறார்" என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள்.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ரஷ்யாவில் ஷுராவ்ஸ்கி என்ற பொறியாளர், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்-மாஸ்கோ ரயில் பாதையின் மரப்பாலங்களைக் கட்டும்போது இதே பிரச்சினையைச் சந்தித்தார். மரம் நார் வழியே பிளப்பதையும், அடுக்குக் கட்டைகளுக்கு நடுவே வைத்த சாவிக் கட்டைகளுக்கு எவ்வளவு விசை வருகிறது என்பதையும் யோசித்துத்தான் அந்த வழுக்கு விசைக் கணக்கையே உண்டாக்கினார். 1850களில் அது அச்சில் வந்தது. இன்றைக்குக் கான்கிரீட், இரும்பு எல்லாவற்றுக்கும் கல்லூரியில் போடும் கணக்கு அதுதான். மரத்தில் பிறந்த கணக்கு. அதை இரும்புக்குப் போடத் தெரிந்த பிள்ளைகள் மரத்துக்குப் போட மறுக்கிறார்கள் என்பதுதான் என் கோபம். நம் நாட்டிலேயே மரக் கட்டுமானத்துக்கு ஐ.எஸ். 883 இருக்கிறது. ஆணியடித்து அடுக்கிய உத்திரத்துக்குத் தனியாக ஐ.எஸ். 4983 இருக்கிறது. எடுத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

நம் மீனவர்களுக்கும் இது தெரியும். தேவனாம்பட்டினத்தில் கட்டுமரம் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். கட்டைகளைக் கயிற்றால்தான் பிணைப்பார்கள். அலையில் அது நெகிழ்ந்து கொடுக்க வேண்டும், கரைக்கு வந்தால் பிரித்துக் காயப்போட வேண்டும். தெரிந்தே விட்ட நெகிழ்வு அது. கூடத்து உத்திரத்தைக் கட்டுமரம் மாதிரி கட்டுவது தெரியாமல் விட்ட நெகிழ்வு.

சரி, குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகக்கூடாது. என்ன செய்யலாம்?

ஒன்று. முடிந்தால் அடுக்காதீர்கள், பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். மூன்று அங்குல அகலம், பன்னிரண்டு அங்குல உயரம் உள்ள பலகை இரண்டை எழுந்து நின்றாற்போல் ஒட்டி வைத்தால் இரண்டும் ஒன்றுபோலவே வளையும். நடுவில் வழுக்கல் இல்லை. பாரம் இரண்டின்மேலும் சமமாக உட்கார்ந்தால் போதும், அங்கே சில போல்ட் உண்மையிலேயே போதும். இந்த முறையில் போல்ட் போட்ட வேலையைப் பார்த்துவிட்டு அடுக்கிய கட்டைக்கும் அதே எண்ணிக்கையைப் போடுவதுதான் குழப்பத்துக்கே காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டு. அடுக்கித்தான் ஆக வேண்டும் என்றால் சாவி வையுங்கள். இரண்டு கட்டையின் முகத்திலும் குறுக்கே பள்ளம் எடுத்து, நன்றாகக் காய்ந்த வன்மரத் துண்டையோ இரும்பையோ இறுக்கமாக இறக்க வேண்டும். வழுக்கலைத் தாங்குவது சாவி. சாவி புரண்டு கட்டைகளைப் பிளக்காமல் சேர்த்துப் பிடிப்பது போல்ட். சுவரோரத்தில் நெருக்கமாக, நடுவில் விலக்கி. எத்தனை சாவி, எவ்வளவு ஆழம், சாவிக்குச் சாவி எவ்வளவு இடைவெளி என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் பள்ளத்துக்குப் பள்ளம் உள்ள மரமே நார் வழியே பிளந்துவிடலாம். இவ்வளவு செய்தாலும் ஒரே கட்டையின் முழு விறைப்பு வராது. அதற்காக உயரத்தைக் கூட்டித்தான் போட வேண்டும். ஐரோப்பியர்களின் யூரோகோடு 5 இந்தக் குறைவுக்கென்றே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. வெள்ளைப் பசை தடவினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாற்காலிக்கு அது சரி. நம் ஊர் வெயிலில், வருஷக்கணக்கான பாரத்தில், அது மெல்ல இளகிக் கொடுக்கும்.

மூன்று. இரண்டு பலகைக்கு நடுவே இரும்புத் தகட்டை நிறுத்திப் போல்ட் போடலாம். இரும்பு தேக்கைப்போல் சுமார் இருபது மடங்கு விறைப்பு. மெல்லிய தகடே பாரத்தில் பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும்.

நாலு. இதற்கெல்லாம் ஆளும் பொறுமையும் இல்லையென்றால் மரத்தை விட்டுவிடுங்கள். மேலே போட்ட கணக்குக்கு ஐ.எஸ்.எம்.பி. 200 என்ற இரும்பு உத்திரம், மீட்டருக்கு 25 கிலோ, தாராளமாகப் போதும். உப்புக் காற்றுக்குத் துருப் பூச்சு அடித்து, பார்வைக்கு மரப் பலகையால் மூடிக்கொள்ளுங்கள். பழமையைக் காப்பாற்றுகிறேன் என்று பொய் உத்திரம் போடுவதைவிட உண்மையான இரும்பு மேல்.

"ஆசாரி அப்படித்தான் செய்யலாம்னார்" என்று பழியை அவர்மேல் போடுவதையும் நான் ஏற்கமாட்டேன். சாவி வைக்கத் தெரிந்த பழைய ஆசாரிகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு சாவிக்கு அரை நாள் உளி பிடிக்க வேண்டும். அந்த அரை நாள் கூலியைக் கொடுக்க மறுத்தது வீட்டுக்காரர். கேட்டு வாங்கித் தராதது பொறியாளர். அத்தை வீட்டு விஷயத்தில் அந்தப் பொறியாளர் நான்.

உங்கள் வீட்டில் யாராவது அடுக்கு உத்திரம் போட வந்தால் மூன்றே கேள்வி கேளுங்கள். சுவரோரத்தில் அடிக்கு எத்தனை டன் வழுக்கு விசை? அதை எது தாங்குகிறது? மரம் காய்ந்து குறுகியபின் அது தாங்குமா? மூன்றுக்கும் தாளில் பதில் வராவிட்டால் வேலையை நிறுத்துங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? சுவரோரத்தில் இரண்டு கட்டைக்கும் குறுக்கே ஒரு பென்சில் கோடு இழுத்து, தேதி எழுதி வையுங்கள். ஒரு மழைக்காலம் கழித்துப் பாருங்கள். அந்தக் கோடு பொய் சொல்லாது.

சிதம்பரத்து நண்பருக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டு மொட்டை மாடி சாதாரண மாடி இல்லை. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் தரிசனத்துக்கும் தேர் உங்கள் வாசலைத் தாண்டும்போது சொந்தம், பந்தம், தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் அங்கேதான் ஏறுவார்கள். நான் கணக்கில் சேர்த்த 150 கிலோ என்பது அந்த உத்திரத்தின் பங்கில் இருபத்தைந்து பேர். தேர் திரும்பும்போது எல்லோரும் ஒரே பக்கம் நெருக்குவார்கள், அப்போது அதைவிட அதிகமாகவே இருக்கும். குழந்தைகள் குதிப்பார்கள். அன்றைக்கு உத்திரத்துக்குள் ஆறு போல்ட்தான் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர், நீங்களும் அந்தத் தம்பியும். இப்போது நானும் மூன்றாவது ஆள்.

போன முறை ஒருவர் கேட்டதற்குத் "தாங்கும்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினேன். இந்த முறை தாங்காது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், கணக்கோடு, கையெழுத்தோடு, நாலு பக்கம். தம்பி அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். சிரிக்கவில்லை. நேற்று போன் செய்து, "சார், சாவி எவ்வளவு ஆழம் இறக்கணும்?" என்று கேட்டார்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் சிதம்பரம் கிளம்புகிறேன்.